சூடான தே பட்டதும் நிற்காத பல்வலி: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஐஸ் தண்ணீர் பட்டால் சுளீர் என்கிறது. இப்போது சூடான தே குடித்தாலும் வலி வந்து ஐந்து நிமிடம் நிற்கிறது. இரவில் தூக்கமில்லை. வீட்டில் மிச்சமிருந்த அமோக்சிசிலின் பலன் தரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் ரூட் கேனல் (வேர்க்குழாய்ச் சிகிச்சை) என்கிறார்கள். செந்தூலில் அதையே பாதி விலைக்குச் செய்வதாகச் சொல்கிறார்கள். எங்கே போவது?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: குளிர் பட்ட கூச்சம் சில வினாடிகளில் அடங்கினால் பல் நரம்பு தேறிவிடும், சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும். உங்களுக்கோ சூட்டிலும் வலி, அதுவும் நிமிடக்கணக்கில். இது பெரும்பாலும் தேறாத அழற்சி; வெறும் அடைப்பு தீர்க்காது.

ஆனால் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துப் பல்லைத் துளைக்க விடாதீர்கள். நரம்பு வீக்கம் படத்தில் தெரியாது. குளிர் ஸ்பிரே அடித்த பஞ்சை அந்தப் பல்லிலும் பக்கத்துப் பற்களிலும் வைத்து ஒப்பிட வேண்டும், தட்டியும் பார்க்க வேண்டும். மேல் பல்லின் வலி கீழே தெரிவது உண்டு. சோதிக்காமல் தொட்டால் நல்ல பல் பாழாகும்.

அமோக்சிசிலின் இந்த வலிக்கு உதவாது. பல்லின் கெட்டியான சுவருக்குள் வீங்கும் நரம்புச் சதைக்கு விரிய இடமில்லை. அந்த அழுத்தத்தைக் கிருமிக்கொல்லி குறைக்காது. சிகிச்சை வரை, சாப்பிட்டபின் இபுபுரூஃபன் 400 மி.கி., கூடவே பாராசிட்டமால் 1,000 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், டெங்கிச் சந்தேகம் இருந்தால் இபுபுரூஃபன் வேண்டாம். முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, விழுங்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி விலை. பாதி விலையில் கிரௌன் (பல்லின் மேல் மாட்டும் உறை) சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல் மேலே மூடாமல் விட்டால் பிளக்கக்கூடும், அப்போது செலவழித்ததெல்லாம் வீண். அடுத்து, ரப்பர் டாம் (அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) போடுவார்களா? அது இல்லாவிட்டால் எச்சிலோடு கிருமி வேர்க்குழாய்க்குள் இறங்கும். வேர்க்குழாயைக் கழுவும் கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட் வாயில் வழியும். போடாத இடத்தில் விலை எவ்வளவு குறைந்தாலும் செய்யாதீர்கள். மேல்பகுதி நரம்புச் சதையை மட்டும் அகற்றி எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்டு வைக்கும் சிகிச்சை பொருந்துமா என்றும் கேளுங்கள். பொருந்தினால் செலவு குறையலாம்.

மருத்துவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். வருகைகள், எக்ஸ்ரே, கிரௌன் எல்லாம் சேர்த்த விலையைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவைகளுக்குப் பொருந்தாது என்பதால் பின்னால் தகராறு வந்தால் அதைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக முடியாது.