மீட்டரில் 1.4 இருக்கிறது, வெளிச்சம் எங்கே?

வணக்கமுங்க,

கோபிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். ராத்திரி த்ரீபேஸ் கரண்ட் வந்ததும் அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போவார். சின்ன பேட்டரிக் கட்டை மூன்று போடுகிற எல்இடி டார்ச். இப்போது மங்கிவிட்டது. ஆனால் கட்டைகளை மல்டிமீட்டரில் வைத்தால் ஒவ்வொன்றும் 1.4 வோல்ட் காட்டுகிறது. அதிலொன்றைக் கடிகாரத்தில் போட்டேன், ஜோராக ஓடுகிறது. வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அப்புச்சி. எது உண்மை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கட்டையிடமிருந்து கரண்ட்டே எடுப்பதில்லை என்று சொல்லலாம், அவ்வளவு சொற்பம். உப்பு படிந்து அடைத்த சொட்டுநீர்க் குழாயைப் பார்த்திருப்பீர்கள். வால்வை மூடி வைத்தால் பிரஷர் முழுசாக இருக்கும்; திறந்தால் தண்ணீர் வராது. பழைய கட்டையும் அப்படித்தான். 1.5 வோல்ட் என்பது உள்ளே இருக்கும் துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும் சேர்ந்து தருவது. அதனால்தான் ரிமோட்டின் மெல்லிய கட்டைக்கும் பெரிய டார்ச்சின் தடித்த கட்டைக்கும் ஒரே வோல்ட். பெரியது கூடுதல் நாள் தாங்கும், அவ்வளவுதான்.

கட்டை தேயத் தேய உள்தடை, அதாவது கட்டைக்குள்ளேயே கரண்ட்டைத் தடுப்பது, ஏறுகிறது. ஒரு ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் அரை ஆம்பியர் கேட்டால் அரை வோல்ட் உள்ளேயே போய்விடும், மிச்சம் 0.9. மூன்றும் சேர்ந்து 2.7. வெள்ளை எல்இடி நன்றாக எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். கடிகாரம் கேட்பது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதற்கு இந்தக் கட்டை இன்னும் பல மாதம் வரும்.

சோதிக்க வேண்டுமென்றால் பழைய டார்ச் பல்பு ஒன்றைக் கட்டையோடு இணைத்து, அது எரியும்போதே மீட்டரை வையுங்கள். 1.4 மளமளவென்று 1.0 பக்கம் இறங்கினால் அது டார்ச்சுக்கு ஆகாது. மீட்டரை ஆம்பியரில் திருப்பி நேராகக் கட்டையில் வைத்துவிடாதீர்கள்.

அப்புச்சி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. சூடு ஏறினால் உள்ளே வேதிவினை வேகமாகும், உள்தடை குறையும், கொஞ்ச நேரம் எரியும். தீர்ந்துபோன சரக்கு திரும்பி வராது. அதை நம்பி அப்பாவை வரப்பில் அனுப்பாதீர்கள், கட்டுவிரியன் நடமாடுகிற நேரம் அது. மூன்றையும் ஒரே சமயத்தில் புதுசாக மாற்றுங்கள். பழசையும் புதுசையும் கலந்தால் பழசு முதலில் தீர்ந்து, மற்ற இரண்டும் அதன் வழியே கரண்ட்டைத் தள்ளும்போது அந்தப் பழசு கசிந்து டார்ச்சையே அரித்துவிடும்.