சுபத்திரை உறங்கட்டும்

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவியைக் கர்ப்ப சம்ஸ்கார வகுப்பில் சேர்த்தால், குழந்தை அபிமன்யுவைப் போலக் கருவிலேயே கற்றுக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீங்கள் அபிமன்யுவை நினைக்கிறீர்கள், எனக்கு சுபத்திரையை நினைத்துத்தான் கவலை. சக்கரவியூகத்தின் ரகசியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நடுவில் உறங்கிவிட்டதால்தான் மகனுக்கு வெளியேறும் வழி தெரியாமல் போயிற்று என்று கதாகாலட்சேபங்களில் சொல்லிச் சொல்லி, மகாரதர்கள் பலர் சூழ்ந்து நின்று ஒரு சிறுவனைக் கொன்ற பழியைக் களைத்துப்போன ஒரு கர்ப்பிணியின் தூக்கத்தின்மேல் ஏற்றிவிட்டோம். சுலோகம் கேட்கவில்லை, மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளவில்லை என்று இன்றும் பிள்ளையின் குறைகளுக்கெல்லாம் தாயைத்தான் கூண்டில் ஏற்றுகிறோம்.

குழந்தை கருவில் கேட்கிறது என்பது உண்மை. ஏறத்தாழ ஆறாம் மாதத்திலிருந்து அது ஒலிக்கு அசைந்து கொடுக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே சிசுக்கள் வேற்றுப் பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலை விரும்புவதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் ஆய்வாளர்கள் 1980இல் காட்டினார்கள். ஆனால் குரலுக்குப் பழகுவதிலிருந்து வியூகம் கற்பது வரை நீட்டிச் சொல்லிக் கட்டணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்மகவு வேண்டிச் செய்யும் பும்சவனத்தையும் ஏற்க மாட்டேன். கரு உருவாகும்போதே, தந்தையின் விந்தணுவால், அது ஆணா பெண்ணா என்பது முடிவாகிவிடுகிறது. குங்குமப்பூவால் நிறம் மாறாது என்பதை இப்பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

வளைகாப்பு எனக்குப் பிடித்த சடங்கு. பிரசவத்தை எண்ணி அஞ்சும் பெண்ணைச் சுற்றி, பெற்றுப் பிழைத்த பெண்கள் கூடி அமர்ந்து, வளையலிட்டு, அவள் கேட்டதைச் சமைத்துப் போட்டு, தாய்வீட்டு ஓய்வுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அதில் அவளிடம் எவரும் எதையும் சாதிக்கச் சொல்வதில்லை.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 52 சதவீதத்தினர், இரத்தசோகை உள்ளவர்கள். குழந்தையின் மூளை வளர்ச்சியில் அக்கறை உள்ள கணவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உங்கள் மனைவி விரும்பினால் மூச்சுப் பயிற்சிக்காக வகுப்புக்குப் போகட்டும். ஆனால் அவருடைய ஹீமோகுளோபின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, தேநீரோடு சேர்க்காமல் கொடுங்கள், இரவுச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொண்டு அவரை நேரத்தோடு தூங்க விடுங்கள்.