முகப்பில் கெட்டிமேளம் வேண்டாம்

கேள்வி: குடும்பமாகக் கைமுடிச்சுச் சுங்குடிச் சேலை செய்து விற்கிறோம். வலைத்தளம் தயாராகிறது. மூன்று வீடியோ இருக்கின்றன. என் மாமியார் முடிச்சுப் போட்டபடி பேசுவது 22 நிமிடம்; சாயம் காய்ந்தபின் முடிச்சை அவிழ்ப்பது; சேலையை முதல் தடவை அலசும் விதம். தளத்தைத் திறந்ததுமே மாமியார் வீடியோ சத்தத்தோடு ஓட வேண்டும் என்கிறான் மகன். யூடியூபில் போட்டால் வந்தவர்கள் அங்கேயே போய்விடுவார்கள், நம் சர்வரிலேயே ஏற்றுவோம் என்கிறார் தளம் செய்பவர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, மதுரை

பதில்: மகன் சொல்வதை முதலில் தள்ளி வையுங்கள். 2013இல் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் செய்தபோது நானும் அந்த வேலையைத்தான் பார்த்தேன். திறந்த உடனே நாதஸ்வரம், கெட்டிமேளம். மண்டபக்காரருக்கு ஒரே சந்தோஷம். மகளுக்கு மண்டபம் தேடிய ஒருவர் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார். மொத்த ஆபீஸும் திரும்பிப் பார்த்ததாம். போனில் என்னைப் பிடித்து அவர் விட்ட டோஸ் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது ஆசைப்பட்டாலும் அது சுலபமில்லை. 2018இலிருந்து குரோம் பிரவுசர், சத்தத்தோடு தானாக ஓடப் பார்க்கும் வீடியோவைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. சத்தம் இல்லை என்றால் ஓட விட்டுவிடும்.

அதனால் முகப்புக்கு உங்கள் இரண்டாவது வீடியோதான் சரி. முடிச்சுமுடிச்சாகச் சுருங்கிக் கிடக்கும் சிவப்புத் துணியை விரிக்கிறார்கள், வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இதற்குச் சத்தம் எதற்கு? அந்த 8 விநாடியை மட்டும் வெட்டி, சத்தத்தை எடுத்துவிட்டு, திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். நன்றாகச் சுருக்கினால் 2 எம்பி அளவில் அடங்கிவிடும். உங்கள் சர்வரே தாங்கும். நிறுத்தும் பட்டன் ஒன்று கட்டாயம் வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் படத்துக்குப் பக்கத்தில் எழுத்தைப் படிக்க எல்லோராலும் முடியாது.

மாமியார் வீடியோவை உங்கள் சர்வரில் ஏற்ற வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐபோனில் சாதாரண 1080 தரத்தில், எச்.264 என்ற சுருக்கும் முறையில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி. 22 நிமிடம் என்றால் 2.8 ஜிபியைத் தாண்டும். சுருக்கி நிமிடத்துக்கு 15 எம்பிக்குக் கொண்டுவந்தாலும் 330 எம்பி. நூறு பேர் முழுக்கப் பார்த்தால் உங்கள் சர்வரிலிருந்து 33 ஜிபி போக வேண்டும். அதோடு, நீங்கள் ஏற்றிய அந்த ஒரே கோப்புதான் எல்லோருக்கும் போகும், ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கும் சரி, ரயிலில் சிக்னல் தேடுபவருக்கும் சரி. யூடியூப் அவரவர் வேகத்தைப் பார்த்துத் தரத்தைக் கூட்டும், குறைக்கும்.

தளம் செய்பவரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. முடிந்ததும் வரும் பரிந்துரைகளை முழுதாக நிறுத்த முடியாது. ஆனால் லிங்கில் ‘ரெல்=0’ (rel=0) என்று சேர்த்தால் உங்கள் சேனல் வீடியோக்களைத்தான் காட்டும். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள்: யூடியூப் தரும் வீடியோப் பெட்டியை அப்படியே பக்கத்தில் ஒட்டினால், யாரும் பிளேயை அழுத்தும் முன்பே ஏகப்பட்டதை இறக்கிப் பக்கத்தை மந்தமாக்கிவிடும். முதலில் மாமியார் கையும் நூலும் தெரிகிற ஒரு படம் மட்டும் இருக்கட்டும். அதைத் தொட்டால் வீடியோ வரட்டும். அவர் பேசுவதை எழுத்தாக அடியில் ஓட விடுங்கள். பஸ்ஸில் பார்ப்பவர், காது கேளாதவர், அவருடைய பேச்சு வழக்கு பிடிபடாதவர், எல்லோருக்கும் அது வேண்டும்.

அலசும் வீடியோவும் யூடியூபிலேயே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு சேலையின் பக்கத்திலும், விலைக்குக் கீழே காட்டுங்கள். கூடவே அதையே நாலு வரியில் எழுதியும் வையுங்கள். ஈரக்கையோடு வாளி முன்னால் நிற்பவர் வீடியோவைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

கேள்வி: தளத்தில் ஏற்றிய வீடியோ என் போனில் ஓடுகிறது. கடைக் கம்ப்யூட்டரில் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. ஏன்?
- வாசகர், சேலம்

பதில்: ஐபோனில் எடுத்ததாக இருக்க வேண்டும். 2017க்குப் பிறகு அது எச்இவிசி என்ற முறையில் வீடியோவைச் சேமிக்கிறது. எல்லா பிரவுசருக்கும் அது புரிவதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264 எம்பி4 ஆக மாற்றுங்கள். அதில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கும்; அதை அது முன்னால் கொண்டுவந்துவிடும், வீடியோ சட்டென்று தொடங்கும். அப்புறம், இனி எடுப்பதற்கு போனின் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வீடியோவை போனை நிமிர்த்திப் பிடித்து எடுப்பதா, படுக்கவைத்தா?
- வாசகி, காரைக்குடி

பதில்: என்ன எடுக்கிறீர்கள்? சேலை கட்டிக் காட்டினால் நிமிர்த்தி. தறியைக் காட்டினால் படுக்கவைத்து.