பூ வயல் பார்க்கப் போகிறீர்களா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அக்கா, ஒரே ஒரு சனி, ஞாயிறுதான் கிடைக்கும். எந்த வாரம் போனால் துலிப் முழுதாகப் பூத்திருக்கும்?

காலண்டரை மட்டும் நம்பாதீர்கள். துலிப் கிழங்குக்கு முதலில் பல வாரம் குளிர் வேண்டும், அப்புறம் மண் சூடேற வேண்டும். அந்த வருஷத்துக் குளிரையும் வெயிலையும் பொறுத்துப் பூக்கும் நாள் ஓரிரு வாரம் முன்னே பின்னே போகும். பல பண்ணைகள் வயல் படங்களை இணையத்தில் போடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அறை எடுப்பதாக இருந்தால் ரத்து செய்ய முடிகிறதாகப் பார்த்து எடுங்கள்.

போன வருஷம் நாங்கள் போனபோது தோட்டத்தில் பூ இருந்தது, பக்கத்து வயலில் வெறும் பச்சைதான். ஏன்?

பாவம், பலருக்கும் இப்படி ஆகிறது. துலிப் வயல் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் விற்பது பூவை அல்ல, கிழங்கை. பூ விரிந்ததும் நோய் கண்ட செடி எது, ரகம் மாறி வந்தது எது என்று பார்த்துப் பிடுங்குவார்கள். அந்த வேலை முடிந்ததும் பூவின் தலையைக் கொய்துவிடுவார்கள். விதைக்குப் போகிற சத்து கிழங்கில் இறங்க வேண்டும் அல்லவா? நேற்றுவரை சிவப்பாக இருந்த வயலில் இன்று தண்டும் இலையும்தான் நிற்கும்.

தோட்டத்தின் கணக்கு வேறு. முன்னால் பூப்பது, பின்னால் பூப்பது என்று பல ரகங்களை ஒரே பாத்தியில் அடுக்கடுக்காக நடுவார்கள். ஒன்று வாடும்போது அடுத்தது வந்துவிடும். நெதர்லாந்தின் கூக்கன்ஹாஃப் தோட்டத்தில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகள் நடுகிறார்கள். மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை தோட்டம் திறந்திருக்கும். தேதியை மாற்ற முடியாதவர்கள் தோட்டத்தை நம்பிப் போங்கள். வயலும் பூத்திருந்தால் அது லாபம்.

கூட்டம் சேருவதற்கு முன் விடியற்காலையிலேயே போய்விடலாமா?

போகலாம், ஆனால் குளிரில் துலிப் மூடியே இருக்கும். வெப்பம் ஏறினால் இதழின் உட்புறம் வேகமாக வளர்ந்து பூ விரியும். குளிர்ந்தால் மறுபடி குவியும். காலையில் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், மூடிய இதழுக்குள் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். நடுப்பகலில் குனிந்து ஒரு சிவப்புத் துலிப்புக்குள் எட்டிப் பாருங்கள். பல ரகங்களில் அடியில் மஞ்சள் விளிம்போடு கறுப்புத் திட்டு இருக்கும், நடுவே ஆறு மகரந்தத் தாள்கள். இதைப் பார்க்காமல் மட்டும் திரும்பாதீர்கள்!

படத்துக்காக வரிசைக்குள் இறங்கலாமா?

அனுமதித்த பாதையைத் தாண்டி வேண்டாம். செருப்பில் ஒட்டிய மண்ணோடு நோய் பரவும். மிதிபட்டு இலை ஒடிந்தால் கிழங்கு சிறுத்துவிடும். அது ஒருவருடைய வருமானம். பாதையில் உட்கார்ந்து தாழ்வாக எடுத்தாலே பூவுக்கு நடுவில் இருக்கிற மாதிரி விழும்.

மழை என்றால் பயணத்தைத் தள்ளிப் போடவா?

தூறலுக்கெல்லாம் வேண்டாம். மேகமூட்டத்தில் நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும். பலத்த காற்றோடு மழை வந்தால்தான் விரிந்த பூக்கள் உதிரும். சேறு படலாம் என்கிற காலணியும் மாற்றுக் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.