முதுகெலும்பு அறுவைக்குப் பின் சீழ் பிடித்தால்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு அறுவை முடிந்து 12 நாள். இரண்டு நாளாகக் கட்டுத்துணியில் மஞ்சள் கறை. காய்ச்சல் இல்லை. பொறுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம். அறுவை செய்த மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். ஆழத்தில் சீழ் கோத்திருக்கும்போதும் உடம்பு சுடாமல் இருப்பதுண்டு. கசிவது தண்ணீர்போல் தெளிவாக இருந்து, எழுந்து உட்கார்ந்ததும் தலை வலித்தால் அது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். அதற்கும் உடனே போக வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். சீழை எடுத்துப் பரிசோதிக்கும் முன்பே மாத்திரை உள்ளே போய்விட்டால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். பிறகு வாரக்கணக்கில் குருட்டு வைத்தியம்தான். ரத்தத்தில் நச்சு பரவி நோயாளி தளர்ந்துவிட்டால் மட்டும் மருத்துவர்கள் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அதிகம் என்கிறார்கள். அறுவைக்குப் பின் எல்லோருக்கும் ஏறும்தானே?

பதில்: ஏறும். 2, 3ஆம் நாளில் உச்சத்தைத் தொட்டுப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்த அளவான ஈ.எஸ்.ஆர். மெதுவாகத்தான் இறங்கும். இறங்கிய சி.ஆர்.பி. மறுபடி ஏறினால் விட்டுவிடாதீர்கள். வலியும் அப்படித்தான். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில் (டிஸ்க்) அறுவை முடிந்து நன்றாக நடந்துகொண்டிருந்த ஒருவர், நான்காம் வாரத்தில் புரள முடியாமல் கட்டில் கம்பியை இறுகப் பற்றியபடி கிடந்தார். தையல் போட்ட இடம் சுத்தமாக ஆறியிருந்தது. தொற்று உள்ளே வட்டில் இருந்தது. சாய மருந்து செலுத்திய எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. ஆனால் முதல் சில வாரங்களில் அறுவையின் வீக்கமும் படத்தில் தொற்றைப்போலவே தெரியும் என்பதால் படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டோம்.

கேள்வி: எடுத்த சீழை ஆய்வகத்தில் வைத்து மூன்று நாளாகியும் கிருமி வளரவில்லையாம். அப்படியானால் தொற்று இல்லையா?

பதில்: அவசரப்பட வேண்டாம். தோலில் குடியிருக்கும் சில கிருமிகள் மெதுவாக வளரும். இரண்டு வாரம் வரை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: முதுகெலும்பில் பொருத்திய ஸ்குரூவைக் கழற்றியே ஆக வேண்டுமா?

பதில்: முதல் சில வாரங்களில் பெரும்பாலும் வேண்டாம். எலும்பு ஒன்றுசேராத நிலையில் கழற்றினால் முதுகு நிலைகுலையும். நிலையாத முதுகில் தொற்றும் ஆறாது. காயத்தைத் திறந்து, கெட்ட சதையை நீக்கிக் கழுவி, வழக்கமாக 6 வாரமோ அதற்கு மேலோ மருந்து கொடுப்போம். உலோகத்தின்மேல் கிருமி படலம் கட்டிக்கொள்வதால்தான் இத்தனை நாள். எலும்பு ஒன்றுசேர்ந்த பிறகு வரும் தொற்றில் கழற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: நள்ளிரவானாலும் ஓட வேண்டிய அறிகுறி எது?

பதில்: கால் வலுவிழப்பது, சிறுநீர் வராமல் நிற்பது, மலம் அடங்காமல் போவது, இருக்கைப் பகுதி மரத்துப்போவது. சீழோ ரத்தக்கட்டோ நரம்பை அழுத்துகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.