கேள்வியில் இருக்கும் ஓட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சிலர் சேர்ந்து பொது அறிவு விநாடி வினா நடத்தி வருகிறோம். கேள்விகள் தயாரிப்பது என் பொறுப்பு. சென்ற போட்டியில் “உலகின் மிக நீளமான ஆறு எது?” என்று கேட்டேன். என் தாளில் இருந்த விடை நைல். ஓர் அணி அமேசான் என்றது. தவறு என்று அறிவித்ததும் அவர்கள் கைப்பேசியில் ஒரு கட்டுரையைத் தேடிக் காட்டினார்கள். எதிரணி வேறொரு கட்டுரையைக் காட்டியது. வாக்குவாதம் முற்றிக் கடைசியில் கேள்வியையே ரத்து செய்தோம். இரு தரப்புக்கும் வருத்தம். எதுதான் சரியான விடை? இதுபோல் சர்ச்சை வரக்கூடிய கேள்விகளை அடியோடு ஒதுக்கிவிடலாமா? விடைகளைச் சரிபார்க்க எதை நம்புவது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் விடையை விட்டுவிடுங்கள். ஓட்டை கேள்வியில்தான் இருக்கிறது.

பெரும்பாலான நூல்கள் நைலுக்கு ஏறத்தாழ 6,650 கி.மீ., அமேசானுக்கு ஏறத்தாழ 6,400 கி.மீ. என்று கொடுக்கின்றன. 2007இல் பிரேசில் ஆய்வாளர்கள் அமேசானின் நீளம் 6,800 கி.மீ. என்றார்கள். யாரும் அலட்சியமாக அளந்ததால் வந்த வேறுபாடு இல்லை இது. ஆற்றை அளப்பதற்கு முன்னால் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முடிவு செய்தாக வேண்டும். அமேசானின் மூலம் என்று பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் அபுரிமாக், மந்தாரோ, மரன்யோன் என மூன்று கிளைகளைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கடலோடு சேரும் இடத்தில் மராஜோ என்ற பெரிய தீவு குறுக்கே கிடக்கிறது. அதன் வடக்குப் பக்கம் ஆற்றை முடித்தால் ஒரு நீளம், தெற்குப் பக்கம் முடித்தால் வேறு நீளம். நைலும் அப்படித்தான். விக்டோரியா ஏரியிலிருந்து தொடங்கினால் ஒரு கணக்கு, அந்த ஏரியில் வந்து விழும் ககேரா ஆற்றின் மேல்கிளைகளிலிருந்து தொடங்கினால் இன்னொரு கணக்கு. போதாக்குறைக்கு, வளைந்து வளைந்து ஓடும் ஆற்றை எவ்வளவு நுணுக்கமான வரைபடத்தில் அளக்கிறோமோ அவ்வளவு நீளம் கூடும்.

ஆக, மரபான விடை நைல். ஆனால் அமேசான் என்று சொன்னவர்கள் அறியாமல் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஒதுக்காதீர்கள். சர்ச்சை எழும் இடத்தில்தான் நல்ல கேள்வி இருக்கிறது. நைல்-அமேசான் சண்டைக்குள்ளேயே ஓட்டையில்லாத இரண்டு கேள்விகளாவது கிடைக்கும். “சராசரியாக விநாடிக்கு இரண்டு லட்சம் கன மீட்டருக்கு மேல் நீரைக் கடலில் சேர்க்கும் ஆறு எது?” அமேசான், இதில் போட்டியே கிடையாது, இரண்டாவதாக வரும் காங்கோ ஆறு அதில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. “விக்டோரியா ஏரியில் கலக்கும் எந்த ஆற்றின் மேல்கிளைகளையும் சேர்த்து நைலின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள்?” ககேரா. முதலாவது எளிது, இரண்டாவது கடினம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடைதான் உண்டு. பங்கேற்பவர்களும் போட்டி முடிந்து போகும்போது புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டு போவார்கள்.

ஓட்டை பெரும்பாலும் மூன்று வழிகளில் விழுகிறது. அளவுகோலைச் சொல்லாமல் விடுவது, எல்லையைச் சொல்லாமல் விடுவது, தேதியைச் சொல்லாமல் விடுவது.

அளவுகோல் எளிதில் பிடிபடும். “மிகப் பெரிய ஏரி எது?” என்று கேட்டால் காஸ்பியன் என்பார் ஒருவர், பெயரில் கடல் இருந்தாலும் அது நிலத்தால் சூழப்பட்ட உப்பு ஏரி. நன்னீர் என்று சேர்த்தால் பரப்பளவில் சுப்பீரியர் ஏரி, ஏறத்தாழ 82,100 சதுர கி.மீ. கொள்ளளவு என்றால் பைக்கால், சுமார் 23,600 கன கி.மீ. ஆழம் என்றாலும் பைக்கால்தான், 1,642 மீட்டர். ஒரு சொல்லைச் சேர்ப்பதும் விடுவதும் விடையை ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மலைகளும் அப்படியே. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் (2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்). பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ. அதன் உயரம் 6,263 மீட்டர்தான். ஆனால் பூமி நடுக்கோட்டில் புடைத்திருப்பதால் அதன் உச்சி எவரெஸ்ட் உச்சியைவிட மையத்திலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. தள்ளி இருக்கிறது.

எல்லை என்பது, யாரை எண்ணுகிறோம், யாரை விடுகிறோம் என்பது. “முதல்”, “ஒரே” என்று தொடங்கும் கேள்விகளில் இது தவறாமல் காலை வாரும். மேரி கியூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1903இல் இயற்பியல், 1911இல் வேதியியல். “இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற ஒரே நபர்” என்று எழுதினால் தவறு. ஜான் பார்டீன் இயற்பியலில் இரண்டு முறை, ஃபிரெடரிக் சாங்கர் வேதியியலில் இரண்டு முறை பெற்றார்கள். “இரண்டு வெவ்வேறு துறைகளில் பெற்ற ஒரே நபர்” என்றாலும் தவறு. லைனஸ் பாலிங் 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் பெற்றார். “இரண்டு வெவ்வேறு அறிவியல் துறைகளில் நோபல் பெற்ற ஒரே நபர்” என்று எழுதிய பிறகுதான் கேள்வி நிற்கிறது. “உலகின் முதல் பெண் பிரதமர்” என்ற கேள்விக்கு ஓட்டையில்லை: சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960. “உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர்” என்று கேட்கும்போது கவனம் வேண்டும். கணவர் இறந்ததும் 1974இல் அர்ஜென்டினாவின் அதிபரான இசபெல் பெரோனா, 1980இல் ஐஸ்லாந்து மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த விக்டிஸ் ஃபின்போகாடோட்டிரா? தேர்தல் என்ற எல்லையைப் போட்டீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது அது.

தேதி மற்ற இரண்டையும்விட ஆபத்தானது. எழுதிய நாளில் சரியாக இருந்த விடை போட்டி நாளில் தவறாகிப் போகும். கஜகஸ்தானின் தலைநகரம் அஸ்தானா என்று இருந்தது, 2019இல் நூர்சுல்தான் ஆனது, 2022இல் மீண்டும் அஸ்தானா ஆனது. அதிக நிலவுகள் கொண்ட கோள் எது என்பதில் 2023 பிப்ரவரியில் வியாழன் முந்தியது. அதே ஆண்டு மே மாதம் சனி திரும்பப் பிடித்துக்கொண்டது. 2025 மார்ச்சில் சனியின் கணக்கு 274 ஆனது. பழைய கேள்விக் கட்டுகளிலிருந்து எடுக்கும்போது கோள்கள், தலைநகரங்கள், மக்கள் தொகை, சாதனைகள் இந்த நான்கையும் தவறாமல் திரும்பச் சரிபாருங்கள்.

ஆண்டும் நாளும் வரும் கேள்விகளில் இன்னொரு குழி உண்டு. கலிலியோ இறந்த ஆண்டில்தான் நியூட்டன் பிறந்தார் என்ற துணுக்கை எங்கும் பார்க்கலாம். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தாலி 1582லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. நியூட்டன் பிறந்தபோது இரண்டுக்கும் 10 நாள் இடைவெளி. அவருடைய பிறந்தநாளையும் கிரிகோரியன் கணக்குக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4. ஆண்டே மாறிவிடுகிறது. ஒருவருக்கு ஒரு நாட்காட்டி, இன்னொருவருக்கு வேறொன்று என்று கலந்தால்தான் அந்தத் துணுக்கு நிற்கும். எல்லா இடத்திலும் 10 நாளைக் கூட்டிவிடவும் கூடாது. 1700க்குப் பிறகு இடைவெளி 11, 1800க்குப் பிறகு 12, 1900க்குப் பிறகு 13. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி அவர்கள் கணக்கில் 1917 அக்டோபர் 25, நம் கணக்கில் நவம்பர் 7, வித்தியாசம் 13. நாட்காட்டியைப் போலக் கடிகாரமும் விடையை மாற்றும். நிலவில் மனிதன் முதல் அடி வைத்தது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. அதே நொடி உலகப் பொது நேரத்தில் ஜூலை 21 அதிகாலை 2.56. விண்கலம் தரையிறங்கியதைக் கேட்டால் உலகப் பொது நேரத்திலும் ஜூலை 20தான். எதைக் கேட்கிறீர்கள், எந்த நேரப்படி கேட்கிறீர்கள் என்பதைக் கேள்விக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

இனி வேலை செய்யும் முறை. முதலில் விடையை எழுதுங்கள், பிறகு கேள்வியை. கேள்வியை எழுதி முடித்ததும் உங்கள் விடையை மறைத்துவிட்டு, இரண்டாவதாகப் பொருந்தக்கூடிய விடை எதுவென்று தேடுங்கள். அந்த இரண்டாவது விடைக்காக ஒரு வக்கீலைப் போல வாதாடிப் பாருங்கள். வாதம் ஜெயித்தால் கேள்வியில் ஒரு சொல் குறைகிறது என்று பொருள். “அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமம் எது?” விடை பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். புரோமின் உடனே கை தூக்கும். அதைத் தடுக்க “உலோகம்” என்று சேர்க்கிறீர்கள். இப்போது காலியம் வரும்; அது 29.76 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிறது. சீசியம் இன்னும் கீழே, 28.5 டிகிரியில். வெயில் காலத்து அறையில் இரண்டுமே திரவம்தான். எனவே “25 டிகிரி செல்சியஸில், இயல்பான வளியழுத்தத்தில் திரவமாக இருக்கும், கதிரியக்கமற்ற உலோகத் தனிமம் எது?” இதற்குப் பாதரசம் தவிர வேறு விடை இல்லை. வாதாடித் தோற்ற விடைகளைத் தூக்கிப் போட வேண்டாம். நான்கு தெரிவுகள் கொடுத்துக் கேட்கும் சுற்றில் காலியமும் புரோமினும்தான் மிகச் சிறந்த தவறான தெரிவுகள். சம்பந்தமே இல்லாத இரும்பையும் தாமிரத்தையும் போடுவதில் பயனில்லை, யாரும் அவற்றைத் தொடமாட்டார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி, விடை, ஏற்கத்தக்க மாற்று வடிவங்கள், ஏற்கக் கூடாதவை, எங்கே சரிபார்த்தீர்கள், எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள். “தென்னாப்பிரிக்காவின் தலைநகரம்” என்று கேட்டால் பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்ஃபொன்டைன் மூன்றுமே தலைநகரங்கள். “நாடாளுமன்றம் அமைந்த தலைநகரம்” என்று திருத்திவிட்டு, அட்டையில் கேப் டவுன் மட்டும் என்று எழுதி வையுங்கள். நடுவர் மேடையில் யோசித்து முடிவெடுக்கும் நிலை வரவே கூடாது.

எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். பெயரிடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ அவர்களிடம் போங்கள். கோள்களுக்குச் சர்வதேச வானியல் ஒன்றியம். 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைமாற்றியது அதுதான். தனிமங்களின் பெயருக்குச் சர்வதேச வேதியியல் ஒன்றியம். நோபலுக்கு நோபல் அறக்கட்டளையின் சொந்தத் தளம். இரண்டு தளங்களில் ஒரே வாசகம் வார்த்தை மாறாமல் இருந்தால் அதை இரண்டு ஆதாரமாக எண்ணாதீர்கள், ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது அது.

ஆதாரத்துக்குப் போகும் முன்பே சின்னக் கணக்கு ஒன்று பல துணுக்குகளை வடிகட்டிவிடும். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பார்கள். நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. நல்ல பார்வையுள்ள கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும். அதாவது, ஒரு பொருளின் அகலம் அதன் தொலைவில் ஏறத்தாழ 3,400இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 110 கி.மீ. வருகிறது. சுவரின் அகலமோ சில மீட்டர். நீண்ட கோடு என்பதால் கண் கொஞ்சம் சலுகை காட்டும், பத்தாயிரம் மடங்கு சலுகை காட்டாது. 2003இல் பூமியைச் சுற்றிவந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், அவ்வளவு அருகிலிருந்தும் சுவர் தன் கண்ணில் படவில்லை என்றே சொன்னார்.

மணி அழுத்தும் சுற்று இருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அளவுகோலும் எல்லையும் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிட வேண்டும். “உலகின் மிக உயரமான மலை எவரெஸ்ட், ஆனால் பூமியின் மையத்திலிருந்து...” என்று நடுவில் திரும்பும் கேள்வியை அந்தச் சுற்றில் கேட்காதீர்கள். வேகமாக அழுத்தியவரைத் தண்டித்து மெதுவானவருக்குப் பரிசு கொடுப்பதாக ஆகிவிடும். கடினமான குறிப்பை முதலிலும் எளிய குறிப்பைக் கடைசியிலும் வைத்தால் நன்றாகப் படித்தவர் முன்னால் அழுத்துவார், அதுதான் நியாயம்.

இனி உங்கள் போட்டியில் நடந்தது. கேள்வியில் அளவீட்டைச் சொல்லவில்லை, அமேசானுக்கு வெளியான அளவீடு ஒன்று ஆதாரமாக இருந்தது. அப்படியானால் இரண்டு விடையையும் ஏற்று அந்த அணிக்கு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த போட்டியின் தொடக்கத்தில் இதை அறிவித்து அவர்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ரத்து செய்வது, எந்த விடைக்கும் ஆதாரம் நிற்காதபோது மட்டும். அப்போதும் வெறுமனே விடாமல் உடனே மாற்றுக் கேள்வி கேட்க வேண்டும். இருபது கேள்விக்கு மூன்று என்ற கணக்கில் மாற்றுக் கேள்விகளை, அவற்றுக்கான அட்டைகளோடு, நடுவரிடம் முன்னதாகவே கொடுத்து வையுங்கள்.