அமெரிக்காவில் ஹாலோவீனைச் சிலர் கொண்டாடித் தீர்ப்பதும் சிலர் அறவே வெறுப்பதும் ஏன்? புதிதாக வந்த நாங்கள் அன்று கதவைத் திறக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் அண்மையில்தான் இங்கே குடிவந்திருப்பார் என்றும், எதிர்வீட்டு வாசலில் எலும்புக்கூடு தொங்குவதைப் பார்த்துவிட்டு, அக்டோபர் 31 மாலை என்ன செய்வது என்று கணவனும் மனைவியுமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 2010 முதல் நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறேன். இந்தப் பண்டிகை எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால் இன்றுவரை நேரான பதில் என்னிடம் இல்லை. ஆனால் சிலருக்கு ஏன் பிடிக்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் சில ஆண்டுகள் நானே அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

2010 அக்டோபர் 31 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 5, வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிறை விட்டால் பலகாரம் சுட நேரம் கிடைக்காது என்பதால், புகை அலாரம் அலறாமலிருக்கச் சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, முறுக்கு அச்சும் கையுமாக அடுப்பின் முன் நின்றிருந்தேன். ஆறு மணியளவில் அழைப்பு மணி அடித்தது. மாவுக் கையோடு கதவைத் திறந்தால், ஸ்பைடர்மேன் உடையில் ஐந்தாறு வயதுப் பையன் ஒருவன் தலையணை உறையை விரித்துப் பிடித்தபடி நிற்கிறான். அவன் அம்மா நடைபாதையிலேயே நின்று புன்னகைக்கிறார். பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் என்று ஒரு நாள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அது அன்றுதான் என்பதும், வீட்டில் மிட்டாய் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. வந்த குழந்தையை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. சூடு ஆறாத நான்கு முறுக்குகளைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி அவன் உறைக்குள் வைத்தேன். பையன் உறைக்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்த்துச் சிரித்தான். “நீங்களே செய்ததா?” என்று அவன் அம்மா கேட்டார். ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

மறுநாள் காலை குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்து வைக்கப் போனபோது, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் புல்தரையில் அந்தக் காகிதக் கைக்குட்டை கிடந்தது. நான்கு முறுக்குகளும் அதில் இருந்தன. ஒன்றை மட்டும் அணில் கொறித்திருந்தது.

அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு வந்து கணவர் விளக்கம் சொன்னார்: கடையில் வாங்கி, உறை பிரிக்காத மிட்டாயைத் தவிர வேறு எதையும் இங்கே பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டார்கள், யாராவது விஷம் வைத்திருப்பார்கள், ஆப்பிளுக்குள் சவர பிளேடு சொருகியிருப்பார்கள் என்று பயம். காரணம் புரிந்தது, ஆனால் மனம் ஆறவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதியே பனி கொட்டி, இலை உதிராத மரங்களில் பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து கிடந்தன. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, 31ஆம் தேதி வாசல் விளக்கை அணைத்துவிட்டு மாடியில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த பயம் எவ்வளவு உண்மை என்று பிற்பாடு தேடிப் படித்தேன். டெலவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதல் வந்த செய்திகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து ஆராய்ந்தவர். முன்பின் தெரியாத ஒருவர் ஹாலோவீனன்று வீட்டுக்கு வந்த குழந்தைக்கு விஷ மிட்டாய் கொடுத்துக் கொன்றதாக உறுதிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று இறந்தது உண்மைதான். ஆனால் அதைக் கொடுத்தவர் அந்நியர் அல்லர், காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய சொந்தத் தகப்பன். சந்தேகம் வேறு பக்கம் போகட்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தான். நல்லவேளையாக அவர்கள் யாரும் தின்னவில்லை. 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பழி மட்டும் இன்னும் அடுத்த வீட்டுக்காரர் தலையில் இருக்கிறது.

பிள்ளை பெற்றவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பிற்பாடு என் மகள் வாங்கிவந்த மிட்டாய்களை நானும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

என் மனம் மாறியது 2012இல். அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூ ஜெர்சியைத் தாக்கியது. எங்கள் தெருவில் ஒரு வாரம் மின்சாரம் இல்லை. அறுந்த மின்கம்பிகளுக்கு நடுவே பிள்ளைகள் இருட்டில் அலையக் கூடாது என்று, ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி ஹாலோவீனையே நவம்பர் 5ஆம் தேதிக்குத் தள்ளிவைத்து ஆணை பிறப்பித்தார். (பேய்கள் வரும் நாளை அரசாணை போட்டுத் தள்ளிவைக்க முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.) பக்கத்து வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி தனியாக இருந்தார். அவருடையது மின்சார அடுப்பு. எங்களுடையது எரிவாயு அடுப்பு என்பதால் தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்துக்கொள்ளலாம். காலையும் மாலையும் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வெந்நீருக்கு வருவார். நான் போட்ட இஞ்சித் தேநீரைக் குடித்துக்கொண்டே சமையலறையில் ஒரு மணி நேரம் பேசுவார்.

நான் முறுக்குக் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தாம் சிறுமியாக இருந்தபோது அந்த மாலையில் வீடுவீடாகக் கிடைத்தவை சோளப்பொரி உருண்டை, ஆப்பிள், அந்தந்த வீட்டில் சுட்ட பிஸ்கட் இவைதாம் என்றார். அவருடைய பாட்டி அயர்லாந்திலிருந்து வந்தவராம். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே விளக்கேற்றுவார்கள். இங்கே வந்தவர்களுக்குக் குடைவதற்கு எளிதான பரங்கிக்காய் கிடைத்ததும் கிழங்கை விட்டுவிட்டார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சவ்வின் (Samhain) என்ற பழைய அயர்லாந்துப் பண்டிகையன்று செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னர் கிறித்தவத் திருச்சபையின் அனைத்துப் புனிதர் நாள் நவம்பர் 1 என்று ஆனதால், அதற்கு முந்தைய மாலைக்குப் புனிதர் மாலை என்ற பொருளில் ஹாலோவீன் என்ற பெயர் வந்தது. நவம்பர் 2ஆம் தேதியைத்தான் நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவத்தியும் பூவுமாக அனுசரிக்கிறார்கள். “விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக் கூடாது, சட்டம் அவ்வளவுதான். ஆனால் உன்னைப் போல் மாடியில் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை” என்றார் அவர். நவம்பர் 5 அன்று, முதல் நாள்தான் திரும்பி வந்திருந்த மின்சாரத்தில் வாசல் விளக்கைப் போட்டேன். ஏழு குழந்தைகள் வந்தார்கள்.

என் கருத்து இதுதான்: இந்தப் பண்டிகையை விரும்புகிறவர் விரும்புவது பேயை அல்ல, திறக்கிற கதவை. முன்கூட்டித் தொலைபேசியில் கேட்காமல் யாரும் யார் வீட்டு மணியையும் அடிக்காத இந்த நாட்டில், வருடத்தில் ஒரே ஒரு மாலை மட்டும் முகம் தெரியாத பிள்ளைகள் வந்து கேட்கலாம், நாம் கொடுக்கலாம். வெறுக்கிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வாசலில் மனம் நொந்தவர்கள். கொடுத்தது குப்பைக்குப் போயிருக்கும், அல்லது கேட்டு நின்றபோது முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருப்பார்கள். மத நம்பிக்கையால் ஒதுங்குகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஹாலோவீனுக்கு முதல் நாள் இரவை நியூ ஜெர்சியில் குறும்பு இரவு என்பார்கள். 2013இல் அன்று எங்கள் காரின் மேல் யாரோ முட்டை வீசி, அது காய்ந்து, வண்ணத்தோடு உரிந்து வந்தது. அதற்காகவே வெறுக்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

நம்மவர்கள் வீட்டில் எழும் ஆட்சேபம் வேறு. மகளுக்கு நான்கு வயதானபோது, “பிள்ளையை வீடுவீடாகப் போய்க் கையேந்தச் சொல்வதா?” என்று என் கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நவராத்திரியில் கண்ணன் வேடம் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போய்ச் சுண்டல் வாங்கியது யார் என்று அவருடைய பழைய புகைப்படத்தைக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார்.

2018இல் அம்மா வந்திருந்தார். எங்களுக்குச் செஞ்சிப் பக்கம். செப்டம்பர் முடிவதற்குள்ளேயே தெருவெல்லாம் பொய்க் கல்லறையும் மண்டையோடும் முளைக்கத் தொடங்கியதைப் பார்த்து, “ஏண்டி, வாசல்லயே பொணத்தைத் தொங்க விட்டிருக்கானே, வீடு விளங்குமா?” என்று கேட்டு, நடைப்பயிற்சிக்கு அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனார். பரங்கிக்காயை முகம் வெட்டி வீணடிப்பதைப் பொறுக்காமல் ஒன்றைப் புளி விட்டுக் கூட்டு வைத்துப் பார்த்தார். செதுக்குவதற்கென்றே வளர்க்கும் ரகமாதலால் நாரும் நீருமாக, வாயில் வைக்க முடியவில்லை. அமெரிக்காவில் பிறந்து, பரங்கியரால் நம் ஊருக்கு வந்து அந்தப் பெயர் பெற்ற காய், பிறந்த ஊரில் இப்படிச் சப்பென்று இருக்கிறதே என்று அவருக்கு வருத்தம். ஆப்பிள் தோட்டத்துக்குக் கூட்டிப்போனபோது, பழம் பறிக்க நாம்தான் காசு கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் அவர் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அறுவடைக்குக் கூலி கொடுத்தே நொடித்த குடும்பம் எங்களுடையது.

ஆனால் மாசி மாதம் தவறாமல் மேல்மலையனூருக்கு மயானக் கொள்ளை பார்க்கப் போகிறவரும் இதே அம்மாதான். சுடுகாட்டில், காளி வேடம் போட்டவர்கள் ஆடிவர, காய்கறியும் தானியமும் காசும் வாரி இறைப்பதை முந்தானையில் பிடித்து வருகிறவருக்கு மண்டையோடு என்ன புதிதா என்று கேட்டேன். “அது அம்மன் காரியம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இரண்டையும் ஒன்றென்று நானும் சொல்லவில்லை. மதத்தை இழிவுபடுத்துகிறேன் என்று தயவுசெய்து கீழே யாரும் எழுத வேண்டாம். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 31ஆம் தேதி மாலை வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அம்மா, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு கைகளாலும் அள்ளிப் போட்டார். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் போதும் என்று நான் தடுத்ததற்கு, “கொடுக்கறதுல என்னடி கணக்கு?” என்றார். எண்பது மிட்டாய்களும் அரை மணி நேரத்தில் தீர்ந்தன. அம்மா விளக்கை அணைக்கவிடாததால், வீட்டிலிருந்த சில்லறைக் காசுகளைக் கொடுத்துச் சமாளித்தோம்.

கேட்டதற்குச் சற்று விலகி ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். பிறகு நாங்கள் வீடு வாங்கிய குடியிருப்பில், அதன் நிர்வாக சங்கத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டு. 2020இல் ஹோம் டிப்போ என்ற கடையில் பன்னிரண்டு அடி உயர எலும்புக்கூடு ஒன்று விற்பனைக்கு வந்தாலும் வந்தது, மறு ஆண்டு எங்கள் தெருவில் மூன்று நின்றன, அதுவும் செப்டம்பரிலிருந்தே. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. சன்னலில் நான் ஒரு வரிசைச் சர விளக்கு கட்டியதற்கு, விடுமுறைக்கால விளக்குகளை, நவம்பர் பிற்பகுதியில் வரும் நன்றியறிதல் நாளுக்கு (Thanksgiving) முன் போடக் கூடாது என்று கடிதம் வந்தது. எலும்புக்கூடு அலங்காரமாம், சர விளக்கு விதிமீறலாம். மூன்று மின்னஞ்சல்களும் ஒரு கூட்டமும் ஆன பிறகு, தீபாவளியையும் பட்டியலில் சேர்த்தார்கள். எலும்புக்கூட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குக் கிடைத்த சலுகை எனக்கும் கிடைக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்ததே என்பதுதான் ஆதங்கம்.

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 வியாழக்கிழமை, வந்தன. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, மகள் பள்ளிக்குப் போனாள். மாலையில் படியில் கோலம், கோலத்தின் ஓரத்தில் அகல் விளக்குகள், எதிர்ப்புறம் அவள் குடைந்த பரங்கிக்காய், அதன் பக்கத்தில் நீலப்பச்சை வண்ணம் பூசிய ஒரு சிறிய பரங்கிக்காய். வேர்க்கடலை போன்றவை ஒவ்வாத பிள்ளைகளுக்கு உண்ணாத பொருள்களும் இங்கே கிடைக்கும் என்பதற்கு அந்த வண்ணம் அடையாளம். 2014 முதல் நாடு முழுவதும் பரவிய வழக்கம். பென்சில், ஒட்டுப்படம் போன்றவை அதற்குப் போதும்.

ஆகவே உங்களுக்கு என் பதில்: விருப்பமில்லையென்றால் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் நிம்மதியாக நடமாடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். திறப்பதென்றால், எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு, உறையிட்ட மிட்டாய் வாங்கி வையுங்கள். ஐந்தரை மணிக்கே சின்னப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள், எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் வேடம்கூடப் போடாத பெரிய பையன்களாக இருப்பார்கள், அவர்களுக்கும் கொடுங்கள். வீட்டில் சுட்ட பலகாரத்தை மட்டும் வாசலில் வைக்காதீர்கள். நானும் வைப்பதில்லை. உள்ளே வந்து உட்காருகிறவர்களுக்குத்தான் முறுக்கு. 2024இல் பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோரில் மூன்று பேர் அகல் விளக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஒருவர் இரண்டாவது முறையும் எடுத்துக்கொண்டார்.